பூனை போக மறுத்த வாசல்

புவாவி,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள தங்கை லுத்விகாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். முதலில் ஒன்றைத் திருத்திவிட்டு நலம் விசாரிக்கிறேன். நீரோட்டம் பார்க்க வந்த மனிதரை நான் குடையால் அடித்தேன் என்று ஜெனோவேஃபா உனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் அடிக்கவில்லை. அவர் கையிலிருந்த கவைக்குச்சியை வாங்கிப் பார்த்தேன். அது ஒடிந்தது. குடை அப்போது வாசலில் உலர்ந்துகொண்டிருந்தது. எங்கும் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பது கடவுளுக்கு உரியது. எங்கும் இல்லாமல் எல்லாவற்றையும் பார்ப்பது நம் பெரியப்பா மகளுக்கு உரியது.

நீயும் உன் மடத்துக் கன்னியர்களும் இந்த ஈரக் குளிரில் நலமாக இருக்க வேண்டுகிறேன். முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு தேய்க்கிறாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

இனி நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். என் மகன் ஸெனோன் ஊருக்கு வெளியே கட்டிய வீட்டுக்குக் குடிபோன நாளில் நல்ல மழை. சாமான் ஏற்றிவந்த லாரி சேற்றில் நின்றது. நான் மாதா படத்தைக் கம்பளியில் சுற்றி மார்போடு பிடித்திருந்தேன். என் சம்பந்தி ஹாலினா புது வீட்டுக்கு முறையான ரொட்டியும் உப்பும் வைத்திருந்தார். மருமகள் போஜெனா தன் பூனை சீமாட்டியைக் கூடையில் வைத்திருந்தாள். ஸெனோன் சிகரெட் வைத்திருந்தான். புது வீட்டுக்குள் யார் முதலில் கால் வைக்கிறாரோ அவர்தான் அந்த வீட்டிலிருந்து முதலில் சவப்பெட்டியில் கிளம்புவார் என்று நம் அத்தை சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். அப்படி நம்புவது முதல் கட்டளைக்கு எதிரான பாவம் என்று பள்ளியில் சிஸ்டர் பெனிக்னா சொல்லியும் கேட்டிருக்கிறாய். நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காகத்தான் பூனையை முன்னால் விடுகிறார்கள். பூனைக்குக் கட்டளைகள் கிடையாது.

கொத்தனார்கள் ஒரு வருடமாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்களே, முதல் கால் எப்போதோ பட்டுவிட்டதே என்று நான் நியாயத்தைக் கேட்டேன். "அதெல்லாம் கணக்குல வராது சம்பந்தி. கதவு மாட்டிப் பூட்டு போட்டாத்தான் அது வீடு. அதுக்கு முன்னாடி வெறும் செங்கல்லு" என்றார் ஹாலினா. கதவை முந்திய நாள் மாலைதான் மாட்டியிருந்தார்கள். ஆகவே வீடு பிறந்து ஒரு இரவுதான் ஆகியிருந்தது.

போஜெனா கூடையைத் திறந்தாள். சீமாட்டி வெளியே வந்து வாசற்படியை முகர்ந்து பார்த்தது, எங்களைப் பார்த்தது, பிறகு உட்கார்ந்து பின்னங்காலைத் தூக்கி நக்கிக்கொள்ளத் தொடங்கியது. மழை அதன் மேல் படவில்லை. கூரையின் நீட்டம் அது உட்கார்ந்த இடம் வரைக்கும்தான் இருந்தது.

"லேசாத் தள்ளி விடுடி" என்றார் ஹாலினா.

"தள்ளக் கூடாது, தானாப் போகணும்னு நீதானேம்மா சொன்னே?"

"அப்ப மீனைக் காட்டு."

போஜெனா மத்தி டப்பாவைத் திறந்து கையை உள்ளே நீட்டினாள். கை போனால் கணக்கா என்று ஒரு விவாதம் நடந்தது. கால்தான் கணக்கு என்று முடிவாயிற்று. சீமாட்டி ஒரு கையை மட்டும் நீட்டி, டப்பாவை வெளியே இழுத்துக்கொண்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து தின்றது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் நாய் பொஸ்மான் ரொட்டியைத் தின்றுவிட்டான். உப்பைத் தொடவில்லை. பீரோவின் ஒரு முனையைத் தோளில் தாங்கி நின்ற லாரிக்காரர் பொறுமையிழந்து சொன்னார்: "யாராவது உள்ள போங்கய்யா. பின்னாடியே நான் வந்துர்றேன். மொதல்ல மட்டும் போகச் சொல்லாதீங்க, நான் புள்ளகுட்டிக்காரன்."

அப்போதுதான், லுத்விகா, எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். போஜெனா பூனையின் முதுகைத் தடவினாள். ஹாலினா உப்பைப் பார்த்தார். நான் வயிற்றில் சுமந்து பெற்றவன், தொழிற்பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவன், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, நனையறீங்க. நீங்க உள்ள போங்க, ஒண்ணும் இல்ல."

சிஸ்டர் பெனிக்னா நம்மைத் தலையில் புத்தகம் வைத்து நடக்கப் பழக்கியது வீண் போகவில்லை. நிமிர்ந்து நடந்து போனேன். எனக்குப் பின்னால் எல்லாரும் வாத்துக் கூட்டம் போல வந்தார்கள். பூனையும் வந்தது. லாரிக்காரர் பீரோவை இறக்கிவைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "இந்தம்மாவுக்கு ஆண்டவன் நல்ல சாவா குடுக்கட்டும்" என்று மனதார வாழ்த்தினார்.

அன்றிலிருந்து என்னை மரியாதையாக நடத்துகிறார்கள். இதைவிடக் கெட்ட அறிகுறி உண்டா? பழைய வீட்டில் போஜெனா என் சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்வாள். இப்போது இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். வெயில் விழுகிற அறையை எனக்குக் கொடுத்தார்கள். ஸெனோன் தினமும் காலையில் என் கதவருகே நின்று, "அம்மா, எழுந்தாச்சா?" என்று கேட்கிறான். நான் "ஆச்சு" என்றால் போய்விடுகிறான். கேட்க வேண்டிய வேறொன்றும் அவனிடம் இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றான். அவ்வளவு உறுதியாக எதிர்பார்த்திருக்கிறான்.

பொஸ்மானைப் பற்றியும் எழுத வேண்டும். உன் அத்தான் கொன்ஸ்தாந்தி இறந்துபோன பிறகும் பழைய வீட்டில் அவன் ஒவ்வொரு சாயங்காலமும் தெருக்கதவருகே படுத்து, எஜமான் வேலையிலிருந்து திரும்புவதற்குக் காத்திருப்பான். நானும் அவனை எழுப்ப மாட்டேன். இந்த வீட்டில் தெருப் பக்கம் ஒரு கதவு, தோட்டப் பக்கம் ஒரு கதவு, கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஒரு கதவு. முதல் வாரம் மூன்றுக்கும் மாறி மாறி நடந்தான். எந்தக் கதவில் காத்திருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போது என் அறை வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறான். உள்ளே மட்டும் வருவதில்லை. உள்ளே வராததற்குக் காரணம் என் கட்டிலின் நடுவே படுத்திருக்கும் சீமாட்டிதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஹாலினா வந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. நாய் ஒதுங்குது, பூனை படுக்குது. கட்டிலுக்கு அடியில நீரோட்டம் போகுது சம்பந்தி. பூனைக்கு அது இதமா இருக்கும். மனுசன் படுத்தா ரத்தம் சுண்டிப்போயிடும்."

கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தினோம். சீமாட்டி சன்னல் பக்கம் வந்து படுத்தது. பீரோ இருந்த மூலைக்கு நகர்த்தினோம். அங்கும் வந்தது. பகலெல்லாம் கட்டிலை இழுத்து ஸெனோனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் ஹாலினா அந்த நீரோட்டக்காரரை அழைத்துவந்தார். அவர் கவைக்குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றினார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன். குச்சி வளைந்தது. "இன்னும் கொஞ்சம்." அங்கும் வளைந்தது. என்னைத் தோட்டக் கதவு வரைக்கும் நகர்த்திக்கொண்டு வந்துவிட்டு, நான் காது கேளாதவள் போல ஸெனோனிடம் திரும்பி, "ஓட்டம் பெரியம்மா கூடவே வருது சார். நான் இப்படிப் பார்த்ததே இல்ல" என்றார். அதாவது நிலத்தடி நீர் வீட்டுக்குக் கீழே ஓடவில்லை, எனக்குக் கீழே ஓடுகிறது. அந்த நிமிடத்தில்தான் குச்சியை வாங்கிப் பார்த்தேன். மற்றது உனக்குத் தெரியும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் கோழி சூப் பரிமாறி முடித்த பிறகுதான் கேட்டேன். சாப்பாட்டைக் கெடுப்பது என் நோக்கமல்ல.

"ஸெனோன், உன் வீட்டில் யார் போனால் நஷ்டம் குறைவு என்று எப்போது முடிவு செய்தாய்? வழியிலா, வாசலிலா?"

"அம்மா, என்ன பேச்சு இது?"

"பூனை போகவில்லை என்றதும் என்னை அனுப்பினாயே, அந்தப் பேச்சு."

"அத்தை, உங்கள யாரும் அனுப்பல" என்று போஜெனா அழுதாள். "மழையில நின்னீங்க, அதான் போகச் சொன்னாரு."

"நீயும்தான் மழையில் நின்றாய். உன்னைப் போகச் சொல்லவில்லையே."

ஸெனோன் வாயைத் திறந்தான். தன் மாமியாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். இறைச்சி மேல் குதிரைமுள்ளங்கித் துவையலை அள்ளிப் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எனக்குத் தெரியும்" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "தெரியும், விடுங்க" என்றான். பௌதிகம் படித்தவர்களுக்கு இந்த ஒரு திமிர் எப்போதும் உண்டு. துவையலின் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எனக்குச் சாவதில் ஆட்சேபம் இல்லை, லுத்விகா. கொன்ஸ்தாந்தி பக்கத்தில் இடம் இருக்கிறது, கறுப்புக் கம்பளி உடை இஸ்திரி போட்டு இருக்கிறது. ஆனால் நான் எப்போது சாவேன் என்று சூப்பை ஊதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நடுவில் இருக்க முடியாது. உங்கள் மடத்து விருந்தினர் பகுதியில், சிற்றாலயத்துக்கு அடுத்த அறை காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை எனக்கு ஒதுக்கச் சொல்லி மதர் சுப்பீரியரிடம் கேள். திருவருகைக் காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுகிறேன். கட்டில் எந்தச் சுவரோரம் கிடந்தாலும் சரி. பொஸ்மானை இங்கேயே விட்டுவிட்டு வருவேன். அவனுக்கு இங்கே தோட்டம் இருக்கிறது. என் அறை காலியானதும் அவன் எந்தக் கதவருகே படுப்பான் என்று தெரியவில்லை. அதை நான் பார்க்க வேண்டியதில்லை.

மதருக்கும் கன்னியர் எல்லாருக்கும் என் வணக்கம். தேவமாதா உன்னையும் உன் முழங்காலையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அக்கா,
அப்போலோனியா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நேற்றே தபாலில் சேர்த்திருப்பேன். ஈரத்தில் உப்பிப்போன தெருக்கதவு திறக்கவில்லை; தச்சர் யாட்சென்டி வந்து அதைக் கழற்றி இழைக்கும் வரை வீட்டிலேயே இருந்தேன், தோட்டக் கதவு வழியாகவும் கொட்டகை வழியாகவும் போகிறவள் நான் இல்லை. தபால்காரரை நம்பித் தோட்டவேலி வழியாக எதையும் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். யாட்சென்டிக்குத் தேநீர் கொடுத்தேன். பேச்சுக்குப் பேச்சாக, இந்த வாசலைத் தாண்டி முதலில் வந்தவள் நான்தான், இன்னும் உயிரோடு இருக்கிறேன் பாருங்கள் என்றேன்.

"நீங்களா? உங்க பையன்தானேம்மா மொதல்ல போனாரு" என்றார். "நீங்க குடிவர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் கதவ மாட்டினேன். பூட்டு உள்பக்கம் சரியா விழுதான்னு பாக்க ஒரு கால எடுத்து வச்சேன், சட்டையப் பிடிச்சு இழுத்துட்டாரு மனுசன். 'நீ இருய்யா, நான் போறேன்'னாரு. தொப்பியக் கழட்டி, சிலுவை போட்டுக்கிட்டு, உள்ள போய் ஒவ்வொரு அறையா நடந்துட்டு வந்தாரு. 'இனிமே யார் வேணா வரலாம்'னாரு. 'எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னை முட்டாள்ம்பாங்க'ன்னாரு."

சொல்லியிருப்பேன். இப்போதும் சொல்கிறேன், முட்டாள். மழையில் அவன் ஏன் சிரித்தான் என்பது இப்போது தெரிகிறது. அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்துக்குத் தாள் வீணாக்கியிருக்க மாட்டேன். இந்த வீட்டில் மூத்தவள் நான். வயதுப்படி எனக்கு உரிய இடத்தை என் மகனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருட்டும் நேரத்தில் போய் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இருமல் வேறு இருக்கிறது. இன்று விடிந்ததும் நான் போய் அவன் அறைக் கதவைத் தட்டி, "ஸெனோன், எழுந்தாச்சா?" என்றேன். பொஸ்மானும் கூட வந்து நின்றான். "ஆச்சும்மா" என்று குரல் வந்த பிறகுதான் இருவரும் நகர்ந்தோம். நாளைக்கும் தட்டுவேன். சிகரெட் பெட்டியை அடுப்பில் போட்டுவிட்டேன். சீமாட்டி அவன் கட்டிலுக்குப் போய்விடாமலிருக்க என் தலையணையருகே மத்தி வைக்கிறேன். நீரோட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மத்தி வைக்கிறேன்.

ஆகையால் அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். எனக்காக இதை மட்டும் உங்கள் ஆன்மகுருவிடம் கேட்டு எழுது. உனக்குத் தெரிந்த ஒருத்தி கேட்கிறாள் என்று சொல், பெயர் வேண்டாம். மகன் யாருக்கும் தெரியாமல் முதலில் போய், தாய் எல்லாரும் பார்க்க முதலில் போனால், எது கணக்கு? தாயுடையது என்று அவர் சொன்னால் ஒரு பூசைக்குக் காணிக்கை செலுத்துகிறேன். தொலைபேசியில் கூப்பிடாதே, இந்த வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இல்லை, ஸெனோன் காதில் விழும். பதிலை எழுத்தில் அனுப்பு.