தானே சுற்றும் விசிறி பற்றி மாப்பிள்ளைக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
மார்கழி, 1998

சிரஞ்சீவி மாப்பிள்ளை அழகியமணவாளனுக்கு, மாமனார் சேஷு ஆசீர்வதித்து எழுதுவது. கமலவல்லியும் நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தவிர.

தலைதீபாவளிக்கு வந்த உங்களை ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அப்போது கம்ப்யூட்டரைப் போட்டதுமே அதன் உள்விசிறி தானே சுற்றவும், சூடு ஏறினால் வேகம் கூடவும், அதையும் மீறினால் மெஷினே அணைந்துவிடவும் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு முன் தினமும் நான்தான் விசிறியின் சுவிட்சைத் தட்டி ஓடவிட வேண்டும், மறந்துவிடுவேன், மெஷின் கொதிக்கும், குற்றம் யாருடையது என்பதில் குழப்பமே கிடையாது. இப்போது இந்த மார்கழிக் குளிரிலும் போட்ட உடனே விசிறி ரைஸ்மில் போல இரைகிறது, பாதி பில் அடிப்பதற்குள் பொட்டென்று அணைந்துவிடுகிறது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பஞ்சுத்தூசி புகாமலிருக்க நம் கம்பெனி பேண்டேஜ் துணியையே எட்டு மடிப்பாக்கி மெஷினின் பின்பக்கம் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். முதலாளி பூரித்துப்போய், "நல்ல காரியம் செஞ்சீரு. நம்ம துணியில தூசி போவாது, காத்து மட்டுந்தான் போவும்" என்று அதையே போட்டோ பிடித்துப் புதுவருஷக் காலண்டருக்குக் கொடுத்துவிட்டார். எலெக்ட்ரீசியன் பால்பாண்டியோ, "காச்சலுக்கு நெத்தியில போடுதோம்லா ஐயா, அதேதான்" என்று ஈரத்துணியோடு வந்தான். செத்த நேரம் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன்.

நேற்று முதலாளி, "திங்கக்கெழமைக்குள்ள ஓடலேன்னா மெஷினு ரிப்பேருக்கு மெட்ராஸுக்குப் போவும், நீரு கழிவுப்பஞ்சு குடோனுக்குப் போவீரு" என்று சொல்லிவிட்டார். அந்தக் குடோனில் இருமாமல் மாதம் கடத்தியவர் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. அதனால் கோளாறு உங்கள் புரோகிராமில்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உடனே லீவு போட்டு ரயிலேறி வந்து, அந்தத் தானே சுற்றுவதை எடுத்துவிட்டுப் போகவும்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் வாழ ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் வேண்டும்,
சேஷு

பி.கு.: கவரை ஒட்டும் முன் எழுதுகிறேன். வர வேண்டாம். இன்று காலை பால்பாண்டி விரலைக் கிழித்துக்கொண்டான். நாடெல்லாம் பேண்டேஜ் அனுப்பும் ஆபீசில் கைக்கு எட்டியது மெஷினில் கட்டிய துணிதான், அவிழ்த்து அவனுக்குக் கட்டினேன். அதிலிருந்து விசிறி சத்தமே இல்லை, மெஷின் சாயங்காலம்வரை ஓடியது. முதலாளி பரம சந்தோஷமாக எப்படி என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அச்சாகி வந்த காலண்டர் கட்டு அவர் மேஜைமேல் இருந்தது. மாப்பிள்ளை போனிலேயே தன் தப்பைத் திருத்திவிட்டார் என்று சொல்லிவிட்டேன். தப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் மெட்ராஸில் இருக்கிறீர்கள், நான் குடோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.