விலாசம் மாறிய அதிர்ஷ்டம்

“என் தங்கச்சி வீட்டுக்குப் புது மிக்சி வந்திருக்குங்க,” என்றாள் மனைவி. “போன்ல ஏதோ சக்கர ஆட்டமாம். அதுல வந்த காசாம்.”

ஸ்டோர் கீப்பருக்கு வாயில் இருந்த காபி கசந்தது.

தங்கையின் புருஷன், அதாவது அவருடைய சகலை, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த ஆட்டத்தின் லிங்கைப் போன மாதம் குடும்ப குரூப்பில் அனுப்பியதே அவர்தான். பன்னிரண்டு எண் போட்ட சக்கரம் சுற்றும். பணம் கட்டிய எண்ணில் நின்றால் பத்து மடங்கு. ‘இதில் கை வைப்பவன் வடிகட்டின முட்டாள்’ என்று ஸ்டோர் கீப்பர் உடனே பதில் போட்டார். மாமனார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மற்றவர்களும் ஆளுக்கொரு திட்டு திட்டி ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே ஸ்டோர் கீப்பர் கிடங்கில் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அதே லிங்கைத் தொட்டுச் சேர்ந்துவிட்டார். முட்டாள்தான் தோற்பான், புத்திசாலி ஆடினால் ஜெயிக்கலாம் என்பது அவர் கட்சி.

அவர் புத்தி என்ன லேசுப்பட்டதா? இருபது வருடமாக உதிரிபாகக் கிடங்கைக் கட்டி ஆள்கிறவர். ஓடுகிற சரக்கு எது, தேங்குகிற சரக்கு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றையும் நோட்டுப் போட்டு எழுதினார். ஏழாம் எண் மூன்று நாளாக வரவில்லை. அப்படியானால் ஏழு உள்ளே தேங்கிக் கிடக்கிறது; தேங்கின சரக்கு வெளியே வந்துதானே ஆகவேண்டும்? ஏழில் கட்டினார். கட்டிக்கொண்டே இருந்தார். சக்கரத்துக்குக் கிடங்கு நடைமுறை எதுவும் தெரிந்திருக்கவில்லை.

தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். நோட்டும் இல்லாமல் கணக்கும் இல்லாமல் ஒருவன் ஜெயிக்கிறானே, அதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது. பொறுக்க முடியாமல் போன் போட்டார்.

“என்ன சகலை, மிக்சி எல்லாம் வாங்கறீங்களாமே. எந்த நம்பர்ல கட்டறீங்க?”

“நான் எங்க கட்டறேன்? ஒண்ணும் பண்றதில்லை சகலை, அதுவா வருது.”

“அதுவா எப்படி வரும்?”

“சின்ன விஷயம்தான், சொல்றேன். அதாவது… அம்மா, பிரேக். அது பிரேக் இல்லம்மா, அதுக்குப் பக்கத்துல…”

லைன் அறுந்தது. தொழில் ரகசியத்தை மறைக்கிறான், அழுத்தக்காரன் என்று ஸ்டோர் கீப்பர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து தோற்கிற ஒவ்வொரு முறையும் அடுத்த சுற்றில் இரட்டிப்பாகக் கட்டினார். பத்தே நாளில் சகலை வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது.

இப்போது நோட்டில் இன்னொரு பத்தி சேர்ந்தது. சகலைக்கு என்றைக்கு எவ்வளவு வந்தது என்று மனைவியின் வாயைக் கிளறிக் கிளறி வாங்கி எழுதினார். செவ்வாய்க்கிழமை இவருக்குப் பெரிய அடி. புதன்கிழமை சகலைக்கு நல்ல வரவு. வெள்ளிக்கிழமை கிடங்கில் இருப்புக் கணக்கு எடுத்தார்கள், இவர் ஆடவில்லை. சனிக்கிழமை சகலைக்கும் ஒன்றும் வரவில்லை. ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபது வருட அனுபவம் சும்மா போகுமா? தனக்கு வரவேண்டிய லோடு விலாசம் மாறி அவன் வீட்டில் இறங்குகிறது.

அதற்கு வைத்தியமும் கிடங்கிலேயே இருந்தது. சின்னப் பார்சல்தான் விலாசம் மாறும். பெரிய லோடு ஒருநாளும் மாறாது. ஆர்டரைப் பெரிதாகப் போட வேண்டும்.

பெரிதாகப் போட வீட்டில் ஒரே பணம்தான் இருந்தது. வாஷிங் மெஷினுக்கென்று மனைவி இரண்டு வருடமாகச் சேர்த்துக் கொடுத்துவைத்தது. போர்வை பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கீழே உட்கார்ந்து அத்தனையையும் ஏழில் கட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் போய்விட்டது.

“இந்த மாசமாவது மெஷின் எடுத்துடலாமாங்க? கை விட்டுப்போகுது,” என்றாள் அவள், ஈரக் கையோடு இறங்கி வந்து.

“ஆஃபர் வரட்டும்,” என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை எல்லோரையும் சகலை வீட்டில் கூப்பிட்டார்கள். நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது வாஷிங் மெஷின். சகலை பின்கட்டில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி வீங்கின கையால் அதன் மூடியைத் தடவிப் பார்த்தாள். ஸ்டோர் கீப்பருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“சின்ன மாப்பிள்ளை ராசிக்காரர்,” என்றார் மாமனார். இத்தனை வருடமாக எதற்கெடுத்தாலும் பெரிய மாப்பிள்ளையிடம் யோசனை கேட்ட மனிதர். “மூளை மட்டும் இருந்து என்ன செய்ய, இல்லையா?”

அவ்வளவுதான், ஸ்டோர் கீப்பருக்குப் பொங்கிவிட்டது.

“ராசியாவது ஒண்ணாவது. இதுல ஏதோ கணக்கு இருக்கு. எப்படி ஆடறாருன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

மச்சினி சிரித்தாள்.

“இவர் எங்க அத்தான் ஆடறாரு? ஒருநாள்கூட ஆடினதில்லை. இவர் அனுப்பின லிங்க்ல யாராவது சேர்ந்து தோத்தா, தோத்த பணத்துல பாதி இவருக்கு வரும். நம்ம குரூப்புக்கு மட்டும்தான் அனுப்பினாரு, நீங்க எல்லாரும் திட்டினீங்க. ஆனா எப்படியோ ஒரே ஒரு ஆள் சேர்ந்திருக்கு. பேரெல்லாம் காட்டாது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரே மூச்சுல எவ்வளவு விட்டுச்சு தெரியுமா? முன்னாடி வந்ததோட அதையும் சேர்த்துத்தான் இந்த மெஷினே வாங்கினோம். அந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு மாசம் புத்தி வராம இருந்தா, ஏசியும் வாங்கிடலாம் அத்தான்.”