கூழ்க் கிடாரம் சுமந்த மச்சான்மார்

வாழிய ஜெறோம்! பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொட்டிலில் கணிதம் புகட்டும் நாவன்மைத் திலகமே, கரும்பலகைக் களத்தில் எண்ணிறந்த சமன்பாடுகளை வெட்டி வீழ்த்திய வெண்கட்டி வேந்தே, குடையினும் கனத்த பொருளைத் தோளேற்றியறியாத மென்றோள் மறவனே, குருநகர்க் கடற்காற்று வீசுமளவும் நின் புகழ் நிலைப்பதாக!

கோயிற் பெருநாளன்று பூசை முடிந்து, பசித்த சனம் பங்கு மண்டபத்தில் படையெனத் திரண்டிருக்க, ஜெறோமின் மாமியார் லூர்த்தம்மா, நண்டும் இறாலும் பனங்கிழங்கு ஒடியல் மாவோடு குழைந்து கொதித்த கூழை, கிடாரத்தோடு முப்பது கிலோ நிறையும் பெரும்பொருளை, மருமகனிடமும் தன் மூத்த மகன் யாகப்புவிடமும் ஒப்புவித்தாள்.

“சிந்தாமல் கொண்டு வாங்கோ. ஒரு அகப்பை குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்!” என்று ஆணையிட்டு முன்னே நடந்தாள்.

பத்தடிக் கோலொன்றிற் கிடாரத்தைக் கயிற்றால் தொங்கவிட்டு, முனைக்கு ஒருவராய்ச் சுமப்பதென முடிவாயிற்று. முடிச்சிடும் அக்கணத்தில், பாரத்துக்குக் கிட்ட நிற்பவனுக்குச் சுமை கூடும், எட்ட நிற்பவனுக்குக் குறையும், தூரம் நான்கு மடங்கானால் பாரம் நாலிலொன்றாகும் என்னும் நேர்மாறு விகிதசமன் நம் வேந்தன் நெஞ்சில் மின்னலெனப் பாய, அவன் யாகப்புவுக்கு இரண்டடியிலும் தனக்கு எட்டடியிலுமாகக் கயிற்றைக் கட்டினான். ஆகவே, அலைமலை பிளந்து வலையிழுக்கும் அந்த ஆழ்கடல் ஏறாகிய யாகப்புவின் தோளில் இருபத்துநாலு கிலோவும், வெண்கட்டி வேந்தன் தோளில் வெறும் ஆறும் அமர்ந்தன.

தெருமுனையில் யாகப்புவுக்கு மூச்சு வாங்கிற்று. “என்ன மச்சான், கூழ் இவ்வளவு பாரமோ?”

“உங்களுக்கு ரண்டடி, எனக்கு எட்டடி. என்ரை பக்கம்தானே நீட்டு? பாரமும் எனக்குத்தான் கூட,” என்று முழங்கினான் வேந்தன்.

தன் தோளின் சாட்சியத்தினும் கணக்கு மாஸ்ரரின் வாக்கைப் பெரிதென நம்பும் வெள்ளையுள்ளத்தானாகிய யாகப்பு உருகிப்போனான். “ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமெல்லே!” என்று கிடாரத்தை இறக்கி, தங்கை புருசன்மேற் பொங்கிய அன்பால் கயிற்றை அவிழ்த்து, ஜெறோமுக்கு இரண்டடியில் இறுக்கிக் கட்டினான். “இப்ப உமக்கு நீட்டுக் குறைவு. சுகமாய் வாரும்.”

அந்தோ! மத்தகம் பிளந்த மதயானை மேலே சாய்ந்தாற்போல் இருபத்துநாலு கிலோ இறங்க, வேந்தனின் முழங்கால்கள் ஒன்றையொன்று தழுவின. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிற்று. மானத்துக்கும் தோளுக்கும் மூண்ட பெரும்போர் எட்டே காலடியில் முடிந்தது.

“இறக்குங்கோ மச்சான், இறக்குங்கோ! நான் சொன்னது பொய். கிட்ட நிக்கிறவனுக்குத்தான் பாரம் கூட!”

யாகப்பு அவனை மேலுங் கீழும் பார்த்தான். பிறகு தெரு அதிரச் சிரித்தான். “அதுதானே பார்த்தன், இப்ப தோளிலை பாரமே தெரியாமல் எனக்குப் பாட்டெல்லாம் வருகுது!”

நாணிய வேந்தன் மணலிற் குந்தி, விரலால் கீறி விளக்கினான். “தூரத்தையும் பாரத்தையும் பெருக்கினால் ரண்டு பக்கமும் ஒண்டாய் வரவேணும். ரண்டு தரம் இருபத்துநாலு நாற்பத்தெட்டு, எட்டுத் தரம் ஆறும் நாற்பத்தெட்டு. நடுவிலை கட்டினால் ஆளுக்குப் பதினைஞ்சு.”

“பதினைஞ்சு உமக்குத் தாங்காது,” என்றான் யாகப்பு. “நான் பதினெட்டு எடுக்கிறன், நீர் பன்னிரண்டு எடும். எங்கை கட்டிறதெண்டு சொல்லும்.”

அந்தப் பெருந்தன்மை முன் தலைகுனிந்த ஜெறோம், பாரம் மூன்றுக்கு இரண்டெனில் தூரம் இரண்டுக்கு மூன்றாமெனத் தெளிந்து, யாகப்புவுக்கு நாலடியும் தனக்கு ஆறடியும் அளந்து, நாலு தரம் பதினெட்டும் ஆறு தரம் பன்னிரண்டும் எழுபத்திரண்டே என்று வான்முட்ட அறிவித்து, முடிச்சிட்டான். ஒரு துளியும் சிந்தாமல், வெற்றித்தேர் உருண்டாற்போல் இருவரும் ஒரே நடையில் மண்டபம் புகுந்தனர்.

கூழ் ஆறிப்போச்சு என்று லூர்த்தம்மா அதைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.