அப்பா நீட்டிய இன்னொரு கை

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர்கள் சொந்த வீட்டு நோயாளியின் பக்கமே போகக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், அதை ஆதரித்து முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் ரத்தத்தையும் சளியையும் வளர்த்துப் பார்த்து, 'இந்தக் கிருமிதான் குற்றவாளி' என்று டாக்டருக்குச் சொல்வது என் பிழைப்பு. சேர்ந்த புதிதில் எனக்குத் திமிர் ஜாஸ்தி (இப்போது மட்டும் என்ன குறைச்சல் என்பார் என் கணவர்). என் தலையைக் கண்டாலே நர்ஸ்கள் படிக்கட்டுப் பக்கம் நழுவுவார்கள். காரணம் என் கட்டளைகள். ரத்தம் எடுக்கும் இடத்தைத் துடைத்த பிறகு அங்கே விரல் படக்கூடாது. ஒரு கையில் எடுத்தால் போதாது, இரண்டு கையிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நம் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிகள்கூட ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். இரண்டு கை ரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்தால்தான் நம்பலாம். இதை வீட்டில் சாப்பிடும்போதும் பிரசங்கம் செய்வேன். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டுவார்.

அந்த அப்பாவுக்கே காய்ச்சல் வந்தது. பம்ப் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், ஜவளகிரிப் பக்கம் நண்பரின் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து படுத்தார், எழவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே இதயத்தில் ஒரு வால்வு பழுது. கிருமி அதில் போய் உட்கார்ந்துவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம்.

ரத்தம் எடுக்க நர்ஸ் மஞ்சுளா வந்தார்.

"நகருங்க சிஸ்டர், எங்கப்பாவுக்கு நானே எடுக்கறேன்" என்றேன்.

துடைத்தேன். அதற்குள் நரம்பு எங்கோ ஒளிந்துகொண்டது. துடைத்த இடத்திலேயே விரலை வைத்துத் தேடினேன். ஊசி இறங்கியதும் அப்பா "ஸ்ஸ்" என்றார், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எப்படியோ ஒரு கை ரத்தம் பாட்டிலில் சேர்ந்தது.

அப்பா தானாகவே மற்ற கையை நீட்டினார். "இந்தா கண்ணு, இந்தக் கை."

"வேணாம்ப்பா. ஒரு குத்து போதும்."

"ரெண்டு கையிலயும் எடுக்கணும்னு தெனமும் சொல்லுவியே?"

"அதெல்லாம் மத்தவங்களுக்குப்பா."

மஞ்சுளா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகு சிரித்ததா, வைததா என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் பாட்டிலில் கிருமி வளர்ந்திருந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தால், ராயக்கோட்டைத் தோட்டத்துத் திராட்சை மாதிரி கொத்துக் கொத்தாக ஸ்டெஃபைலோகாக்கஸ். டாக்டருக்குச் சொன்ன கையோடு அம்மாவுக்கும் போன் போட்டேன். "கெடச்சிடுச்சும்மா! ரத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சிடுச்சு!" அம்மா அந்தப் பெயரை வாங்கி, மத்திகிரியிலிருந்த சர்ச் ஜெபக்குழுவுக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் கட்டிலைச் சுற்றி நின்ற ஜெபக்குழு அத்தைமார், "ஸ்டெஃபைலோகாக்கஸே, இந்தச் சரீரத்தை விட்டுப் புறப்பட்டுப் போ!" என்று கிருமியைப் பெயர் சொல்லி அதட்டினார்கள். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன்.

அடுத்தடுத்த சோதனைகளில்தான் அது எந்த வகை என்று தெரிந்தது. தோலில் சாதுவாகக் குடியிருக்கும் வகை.

"ரெண்டாவது கையில என்ன வந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"எடுக்கல சார்."

"நீங்களா எடுக்கல?" என்று ஒரு பார்வை பார்த்தார். "மருந்து ஆரம்பிச்சாச்சு, இப்ப எடுத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. இவருக்கு வால்வு வேற இப்படி. நிறுத்தவும் பயமா இருக்கு."

அதனால் கடுமையான ஊசிகள் தொடர்ந்தன. காய்ச்சல் இறங்கவில்லை. அப்பா பிதற்ற ஆரம்பித்தார். அவர் செத்துவிடுவார், அதுவும் என் விரலால் செத்துவிடுவார் என்று ஆய்வகக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு நாள் காலை டாக்டர் அப்பாவைப் புரட்டி முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது, அக்குளில் கறுப்பாக ஒரு பொருக்குத் தெரிந்தது. "இது எப்போருந்து இருக்கு?"

"காய்ச்சல் வந்த அன்னிலேருந்தே இருக்குதுங்க டாக்டர்" என்றார் அம்மா. "இவதான் ரத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னா. அப்பறம் புண்ணை எதுக்குக் காட்டறதுன்னு உட்டுட்டேன்."

தோட்டத்துப் புதர்ப் பூச்சி கடித்து வருகிற காய்ச்சல்; கடித்த தடம்தான் அந்தப் பொருக்கு. அந்தக் கிருமி என் பாட்டிலில் எந்த ஜென்மத்திலும் வளராது. ஒரு சாதாரண மாத்திரை கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

அப்பா எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி: "கண்ணு, கம்பெனி சங்கு ஊதுதே, ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?"

வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தேவையில்லாமல் ஏற்றிய ஊசி அப்பாவின் காதுக்குள் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வீடு திரும்பிய கொஞ்ச நாளில் சங்கும் நின்றது, கூடவே வலது காதும் போய்விட்டது.

இப்போதும் வீட்டில் நான் "ஒரு தோசை போதும்" என்றால், "ரெண்டா வாங்கிக்க, உன் ஒண்ணை நம்ப முடியாது" என்பார் அம்மா. அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்து நான் ஏதாவது பேசினால், அவர் தலையைத் திருப்பி இடது காதை நீட்டுவார்.

"இந்தா கண்ணு, இந்தக் காது. இதையும் வேணாம்னு சொல்லிடாத."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து, அந்தப் பக்கம் போய் உட்கார்வேன்.