கதிரை மிஸ்ஸும் மெத்தைக் கிட்டங்கியும்

கொழும்பில் ஒரு பழைய கட்டடத்தில் கை வைப்பதற்கு முன்னர் அந்தக் கட்டடத்திடமே அனுமதி கேட்ட ஒரே பிறவி எங்கள் கதிரை மிஸ்தான்.

வெள்ளவத்தையில் நாங்கள் வேலை செய்த கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்கு வேறொரு பெயரும் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. எந்தக் கட்டடத்தை மாற்றியமைப்பதானாலும், முதலில் ஒரு மடக்குக் கதிரையோடு போய், அதில் அறைக்கு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பார். "இருந்து பாக்காமல் கோடு கீறமாட்டன்" என்பார்.

ஒருமுறை கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது பஸ் கொண்டக்டர் கதிரைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். மிஸ் மறுபேச்சில்லாமல் எடுத்தார். பிறகு ஜன்னலோர சீட்டில் கதிரையை இருத்திவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தார். சனம் முறைத்தது. "டிக்கெட் எடுத்த ஆளை எழுப்பலாமோ?" என்று கேட்டார். நான் அவரைத் தெரியாதவன்போல வெளியே பார்த்தேன்.

அன்று போனது ஒரு மெத்தை வியாபாரி சரக்கு அடுக்கிவைக்கும் பழைய கிட்டங்கிக்கு. உயர்ந்த ஓட்டுக்கூரை, ஒரு முழம் தடித்த சுவர். ஹாஜியார் என்று எல்லோரும் அழைக்கும் அந்த வியாபாரி, முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இடித்து, கண்ணாடியும் ஏசியுமாக ஷோரூம் கட்ட நினைத்தார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் விதிக்கு முன்சுவர் நின்றாலே போதும், அனுமதி கிடைத்துவிடும் என்றார் எங்கள் முதலாளி.

இரண்டு நாள் இருந்து பார்த்த மிஸ், கீற முடியாது என்றுவிட்டார்.

"முகத்தை மட்டும் வைச்சுக்கொண்டு ஆளைக் கொல்லுறதுக்குப் பேர் பாதுகாப்போ, சேர்?"

"இந்த வேலை கைவிட்டுப் போனா நீங்களும் வீட்ட போகவேண்டியதுதான்" என்றார் முதலாளி.

மிஸ் ஹாஜியாரைக் கிட்டங்கிக்கு வரச் சொன்னார். முதலாளியும் நானும் கூடப் போனோம். உச்சிவெயில் நேரம். கதிரையை நடுவில் விரித்தார்.

"கால் மணித்தியாலம் இருங்கோ ஹாஜியார். பிறகு இடியுங்கோ."

மேலே கூரைத் திறப்பால் சூடு வெளியேற, பக்கச் சாளரங்களால் காற்று வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது நிமிடம் ஹாஜியாரின் தலை சாய்ந்தது. பத்தாவது நிமிடம் குறட்டை. முதலாளி எழுப்பப் போனார். மிஸ் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு மணித்தியாலம் மூன்று பேரும் நின்றோம்.

ஹாஜியார் திடுக்கிட்டு விழித்தார். "நான் எவ்வளவு நேரம் தூங்கின?"

"ரெண்டு மணித்தியாலம்."

"வீட்டுல ஏசி போட்டு, தூக்கக் குளிசையும் போட்டு, தூக்கம் வாறல்ல புள்ள." கூரையை அண்ணாந்து பார்த்தார். "இது இப்பிடியே ஈக்கட்டும்."

"இப்பிடியே வேண்டாம்" என்றார் மிஸ். "பின்சுவரில வெளிச்சத்துக்கு ரெண்டு வாசல் வெட்டவேணும். அதை மறைச்சு நிக்கிற தகரக் கொட்டிலை இண்டைக்கே உடையுங்கோ."

இப்போது அந்தக் கிட்டங்கியே ஷோரூம். அங்கே மெத்தையில் படுத்துப் பார்க்க வருகிறவர்கள் எழும்புவதில்லை. விற்பனையாளர்களுக்கு அவர்களை எழுப்புவதே பெரிய வேலை.

மிஸ் மகளோடு கனடாவில் இருக்கிறார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னரும் எனக்குச் செய்தி வரும்: "கிட்டங்கிக் கூரையில தண்ணி ஓடுற பீலி துப்புரவாக்கியாச்சோ? தண்ணி நிண்டா எல்லாம் போச்சு."

கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். நானே ஏறி, இலைகுழைகளை அள்ளிவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஏணி என்றால் எனக்குக் கால் நடுங்கும் என்பதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.