நரியின் விக்கியும் நரி மனைவியின் டெக்ஸ்ட் ஃபைலும்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. இருக்கத்தான் செய்யும். நரி இல்லாத காட்டில் மற்ற மிருகங்கள் ஒழுங்காக வாழ்ந்து ஒழுங்காகச் செத்துப்போகும். அதில் சொல்வதற்கு என்ன கதை இருக்கிறது?

நம் நரியின் பெயர் கோமதிநாயகம். சிங்க ராஜாவிடம் ஆலோசகர் வேலை. ராஜா எதையாவது செய்துவிட்டு வந்து நிற்பார். அதற்கு ஒரு கௌரவமான காரணத்தை நரி கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். சொந்த வாழ்க்கையிலும் நரிக்கு அதே தொழில்தான். தேன் எடுக்கத் துணைக்குக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று கரடியிடம் தனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லியிருந்தது. மானிடம், தான் சைவத்துக்கு மாறி வெகுநாளாகிறது என்று சொல்லியிருந்தது. மான் நம்பவில்லை என்றாலும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தது.

பொய் சொல்வது சுலபம். யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதில்தான் சீவன் போகும். அரண்மனையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது யானையின் பொறுப்பு. அந்த யானையிடம் மாமியார் காலமாகிவிட்டாள் என்று சொல்லி நரி ஒருமுறை லீவு போட்டது. கொஞ்ச காலம் கழித்து, மறந்துபோய், அதே மாமியாரை மறுபடியும் சாகடித்தது. யானைக்கு மறதி என்பதே கிடையாது. ஒருத்தி எப்படி இரண்டு தரம் சாவாள் என்ற குழப்பத்தோடு, கையில் ஒரு மாலையையும் எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க நேரே நரியின் குகைக்கு வந்துவிட்டது. வாசலில் மாமியார் உட்கார்ந்து எலி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. மாலை யாருக்கு?" என்றாள்.

யானை மாலையைத் தானே தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

அன்றைக்கு நரியின் மனைவி செண்பகவடிவு வாய் திறந்தாள். "பொய் சொல்லாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். புருஷன் தொழில்ல தலையிடுற புத்தி எனக்கு இல்ல. ஆனா எதையும் எழுதி வச்சுச் செய்யுங்க. எங்கம்மாவ இன்னும் எத்தன தடவதான் கொல்லுவீங்க?"

நியாயமான கேள்வி. நரி குரங்கிடம் போனது. சுற்றுலா வருகிறவர்களிடம் பறித்த போன்களை வைத்துக்கொண்டு குரங்கு ஆலமரத்தடியில் கடை போட்டிருந்தது. அது நரிக்கு ஒரு போனைக் கொடுத்து, அதில் ஒரு விக்கியும் போட்டுக் கொடுத்தது.

"இது உங்களுக்கே உங்களுக்குன்னு இருக்குற விக்கி. வேற யாரும் பார்க்க முடியாது. ஒரு பொய்க்கு ஒரு பக்கம். ஒரு பொய்க்குள்ள இன்னொரு பொய்யோட பேரு வந்தா, அதத் தொட்டாப் போதும், அந்தப் பக்கம் திறந்துக்கும்" என்று விளக்கியது.

நரிக்கு அப்படி ஒரு ஆனந்தம். 'சர்க்கரை வியாதி'யைத் தொட்டால் 'கரடி' வந்தது. 'கரடி'யைத் தொட்டால் 'தேன் பிடிக்காது' வந்தது. தன் வாழ்நாள் உழைப்பு இப்படி ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதை அது அதுவரை பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நரி தவறாமல் ஒரு வரி சேர்த்தது: 'உண்மையில் நடந்தது'. இது அதன் தொழில் ரகசியம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைச் சுற்றி நடக்க முடியும்? இப்படியாக அந்தக் காட்டின் நம்பத்தகுந்த ஒரே வரலாறு ஒரு பொய்யனின் போனில் வளர்ந்து வந்தது. உத்தமர்கள் யாரும் எழுதி வைக்கிற சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

செண்பகவடிவுக்குப் போனில் நம்பிக்கை இல்லை. "அந்தக் குரங்கு நாளைக்குக் கடையை மூடிட்டு வேற மரத்துக்குத் தாவிட்டா உங்க விக்கி என்னாகும்? அதத் திறக்க வேற எவனுக்குத் தெரியும்?" என்றாள். பாழடைந்த விருந்தினர் விடுதியில் யாரோ விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்றை இழுத்து வந்து, எல்லாப் பொய்யையும் அதில் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக அடித்து வைத்தாள். நிறம் இல்லை, படம் இல்லை, தொட்டால் திறக்கிற ஜாலம் எதுவும் இல்லை. எழுத்து மட்டும்தான். "இது எந்தப் பெட்டியிலயும் திறக்கும். நம்ம பேரப்பிள்ளைக வரைக்கும் பொய் சொல்லலாம்" என்றாள். தொலைநோக்கு உள்ள பெண்.

பொய்க்கு இப்போது இரண்டு வீடு. நரி விக்கியில் திருத்தும். மனைவி ஃபைலில் திருத்துவாள். நரி வெளியே ஒன்று சொல்லும். மனைவி கரடியின் மனைவியிடம் வேறொன்று சொல்வாள். தினமும் குடும்பச் சண்டை. தாங்க முடியாமல் மறுபடியும் குரங்கைக் கூப்பிட்டார்கள்.

குரங்கு இரண்டையும் இணைத்துவிட்டுச் சொன்னது: "இனிமே நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். தானா சிங்க் ஆகிக்கும், ஒண்ணு மாறினா இன்னொண்ணும் மாறிக்கும். கடைசியா எழுதினது எதுவோ அது ரெண்டு இடத்துலயும் நிக்கும். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் எழுதினா, ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வச்சுடும்."

"ஒரு இடத்துல அழிச்சா?"

"ரெண்டுலயும் அழியும். ஆனா அந்தப் பக்கம் யாராவது அதத் திறந்து வச்சு எழுதிட்டிருந்தா திரும்ப வந்துடும்."

நரிக்குப் பாதிதான் புரிந்தது. முழுவதும் புரிந்த மாதிரி தலையாட்டியது. அதுவும் பொய்தான் என்பதால் அதற்கும் ஒரு பக்கம் போட்டுக்கொண்டது.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எருமை விவகாரம் வந்தது. ராஜாவின் பிறந்தநாள் விருந்துக்கென்று அடித்து வைத்திருந்த எருமையில் பாதியைக் காணோம். ராஜா கர்ஜித்த கர்ஜனையில் கிளிகள் கூட்டோடு விழுந்தன.

"எல்லாரும் சபைக்கு வாங்க. நேத்து மத்தியானம் யார் யார் எங்க இருந்தீங்கன்னு சொல்லியாகணும். தின்னவன் எவனோ, குறையுற பாதிக்கு அவனையே இலையில போடுவேன்!"

தின்றது நரிதான். அதில் கதைசொல்லியான எனக்குச் சந்தேகமே இல்லை. சபைக்குப் போகிற வழியில் நரி போனை எடுத்து, 'எருமை' என்ற பக்கத்தில் அவசரமாக எழுதியது: 'நேற்று மத்தியானம் ஆற்றங்கரையில் மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. அங்கே இருந்தேன்.' அதே நேரத்தில் வீட்டில் செண்பகவடிவு 'எருமை' ஃபைலில் அடித்துக்கொண்டிருந்தாள்: 'நேற்று மத்தியானம் இவருக்குக் கடுமையான காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருந்தார்.' அடித்த கையோடு, காய்ச்சல் வேறு எந்தப் பொய்யோடாவது முட்டுமா என்று எல்லா ஃபைலையும் திறந்து வைத்துச் சரிபார்க்கவும் ஆரம்பித்தாள். அவளுக்குப் புருஷன் மேல் அவ்வளவு உயிர். அவர் இலையில் பரிமாறப்படுவதை நினைத்து அழுதுகொண்டேதான் அடித்தாள்.

சபையில் நரியின் முறை வந்தது.

"நீர் எங்கவே இருந்தீர்?" என்றார் ராஜா.

"ஒரு நிமிஷம் ராஜா, ஒதுங்கிட்டு வந்துடுறேன்" என்று நரி புதருக்குப் பின்னால் போய்ப் போனைத் திறந்தது. பக்கத்தில் காதுகுத்து இருந்தது. அதற்குக் கீழே காய்ச்சலும் இருந்தது. மனைவி காய்ச்சலை யாரிடமெல்லாம் சொல்லிவிட்டாளோ தெரியவில்லை. நரி இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது.

"ராஜா, நான் வீட்டுல காய்ச்சல்ல படுத்திருந்தேன். படுத்தபடியே ஆத்தங்கரைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தேன்."

சபை கொல்லென்று சிரித்தது. அப்போது ஓரத்தில் இருந்த முயல் எழுந்து நின்றது. முயல் யார் வம்புக்கும் போகாதது. பார்த்ததைச் சொல்லிப் பழகியது.

"ராஜா, நான் பார்த்தேன். மத்தியானம் இவரு உங்க குகையோட பின்பக்கத்துல இருந்து வந்தாரு. வாயெல்லாம் ரத்தம். என்னப் பார்த்து, வெத்தலை போட்டேன்னாரு."

ராஜா எழுந்து வந்து நரியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். அவருக்குக் கர்ஜிக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. குரங்கிடம் நீட்டினார். குரங்கு சத்தமாக வாசித்தது.

"எருமை. உண்மையில் நடந்தது: நான்தான் தின்றேன். பின்னங்கால் இரண்டும், ஈரலும். உப்பு போதாது."

சமையற்காரக் கழுதைப்புலி வாழையிலை நறுக்கக் கிளம்பியது. இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் குரங்குக்குக் கை சும்மா இருக்குமா? பக்கத்தின் அடியில் 'இதையும் பார்க்க' என்று ஏதோ இருந்தது. அதைத் தொட்டுவிட்டது. வேறொரு பக்கம் திறந்தது. வாசிக்கிற வேகத்தில் குரங்கு அதையும் வாசித்துவிட்டது.

"ராஜா புலியை விரட்டிய வீரம். உண்மையில் நடந்தது: புலி வரவே இல்லை. வந்தது முள்ளம்பன்றி. அதுவும் குட்டி. ராஜா அலறிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிவிட்டார். இறங்கத் தெரியவில்லை. யானைதான் துதிக்கையால் இறக்கிவிட்டது."

யானை வேறு பக்கம் பார்த்தது.

"அழி!" என்றார் ராஜா. "மொத்தத்தையும் அழி!"

குரங்கு விக்கி முழுவதையும் அழித்தது. ராஜா மூச்சு விட்டார். மூச்சு விட்டு முடிப்பதற்குள் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வர ஆரம்பித்தன. வீட்டில்தான் எல்லா ஃபைலும் திறந்து கிடக்கிறதே.

"மறுபடியும் அழி!"

குரங்கு மறுபடியும் அழித்தது. மறுபடியும் வந்தது. இந்த முறை ஒரு திருத்தத்தோடு வந்தது. குரங்கு பழக்கதோஷத்தில் அதையும் வாசித்தது: "வேப்பமரம் இல்லை, புளியமரம். நான் நேரில் பார்த்தேன். செண்பகவடிவு."

ராஜாவின் பிடரி மயிர் படிந்துவிட்டது. நரியைத் தனியே அழைத்து மெதுவாகக் கேட்டார். "அந்தப் பக்கம் யாரு ஓய் இருக்கா?"

"என் சம்சாரம், ராஜா."

"அவளையும் சேர்த்து இலையில போட்டுட்டா?"

இந்தக் கேள்வி நரியின் நெஞ்சைத் தைத்தது. தன் உயிருக்குப் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தது. அந்தப் பயத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, விக்கியைப் பார்க்காமலேயே ஒரு பொய் சொன்னது.

"தாராளமா போடுங்க ராஜா. ஆனா பக்கத்து மலையில புலிகிட்ட ஒரு நகல் இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, தன்னை விரட்டின கதையை அது உக்காந்து வாசிக்கும்."

ராஜா தாடையைச் சொறிந்தார். பிறகு சபைக்குத் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"எருமையைத் தின்னது முயல்!"

"நானா?" என்றது முயல். "என் உயரத்துக்கு அந்தக் கால்ல ஏறவே முடியாதே ராஜா! நான் புல்லு தின்னுறவன்!"

"பின்ன உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு விவரம் தெரிஞ்சுது?" என்றார் ராஜா.

அதற்கு மேல் விளக்கம் கொடுப்பதில் பயனில்லை என்று முயலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே தாவு, ஓடிவிட்டது. "பார்த்தீங்களா, ஓடுறான்! குத்தம் பண்ணாதவன் எதுக்கு ஓடணும்?" என்று ராஜா கேட்க, சபை முழுக்க ஆமாம் போட்டது. அன்றே நரி மந்திரி ஆக்கப்பட்டது. போக வர யானையும் கொடுத்தார்கள்.

நரி வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னது. செண்பகவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "புலிகிட்ட நகல் இருக்கா?"

"இல்ல."

"இல்லாததச் சொல்லிட்டு இப்படி உக்காந்திருக்கீங்களே! நீங்க சொன்னதும் வெளியில இருக்குறதும் ஒத்துப்போக வேண்டாமா? எந்திரிங்க."

எல்லா ஃபைலையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு இருவரும் யானை மேல் உட்கார்ந்து புலியின் மலைக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில், இரைக்க இரைக்க முயல் குறுக்கே ஓடியது.

"அநியாயம்! என் ரெண்டு கண்ணால பார்த்தவன் நான்!" என்று கத்தியது.

நரி மேலிருந்து எட்டிப் பார்த்தது. அதற்கு முயல் மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது.

"பார்த்தீர் சரிவே. எங்க சேமிச்சு வச்சீர்?" என்றது.

*

நீதி: உண்மையைச் சொல்கிறவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், உண்மையைப் பல இடங்களில் சேமித்து வைத்திருப்பவன் உட்கார்ந்தபடியே போகலாம்.