பதினேழாம் நம்பர் கஷாயம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் நாக்கு ஊதாவாகாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை நாக்குக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. எங்கள் நெசவாளர் சங்கத்துச் சாயப்பட்டறையில் நூல் தோய்த்த கஷாய மாஸ்டர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை மாதா மாதம் எழுதிய கிளார்க் நான்தான், எனக்கே மறந்துவிட்டது.

ஒரு வாரப் பத்திரிகையில், பழத்துக்கு நிறம் தரும் பொருளே உடம்பு சீக்கிரம் மூப்படையாமல் காக்கிறது, அதற்கு ஆன்டி-ஆக்சிடன்ட் என்று பெயர் என்று படித்துவிட்டார். அதோடு எங்கள் நிம்மதி போனது.

"நெறந்தான் மருந்துன்னா, இந்த ஊர்ல நெறத்தப் பத்தி என்னவிட யாருக்குத் தெரியும் கிளார்க்கம்மா?"

நாவல் பழம், செம்பருத்தி, நெல்லிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் பட்டறைக்குப் பின்னால் கொதித்தன. பதினோரு மணி டீ நின்று தம்ளரில் கஷாயம் வந்தது. நாவல் கஷாயம் குடித்த அன்று எங்கள் செயலாளர், வேலூரில் நடந்த கூட்டத்தில் கடைசி வரை வாயே திறக்கவில்லை. அடக்கமான நிர்வாகி என்று பாராட்டு வாங்கி வந்தார்.

"சாய அண்டாவுலயேவா காய்ச்சிகினு இருக்கீங்க மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீச்சீ. பாத்திரம் வேற, அடுப்பு வேற. கையி மட்டுந்தாம்மா ஒண்ணு."

எந்தக் கஷாயம் உசத்தி என்று அவர் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பட்டு நூலை முக்கி, மூங்கிலில் கட்டி வெயிலில் போடுவார். சாயக்காரருக்குத் தெரிந்த சோதனை அது.

"வெயில்ல நூலு வெளுக்கலன்னா ஆளும் வெளுக்க மாட்டான். இதுல இன்னா சந்தேகம்?"

பதினாறு தோற்றன. பதினேழாவது, சுத்தமான நாவல் பழம், ஒரு வாரம் வெயிலில் கிடந்தும் நிறம் அசையவில்லை. உடனே அடுத்த சோதனைக்குப் பெரிய கட்டாக நூலைத் தோய்த்துத் தொங்கவிட்டார்.

அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை நாவல்பழ நிறத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாஸ்டர் நூல் தோய்க்க, எங்கள் சங்கத்து நெசவாளர் முனுசாமி அண்ணன் நெய்வதாக ஏற்பாடு. அண்ணன் நூல் எடுக்க வந்தபோது மாஸ்டர் பழம் வாங்கக் களம்பூர் போயிருந்தார். மூங்கிலில் ஒரே நிறத்தில் இரண்டு கட்டுகள், எதிலும் அடையாளச் சீட்டு இல்லை. அண்ணன் நல்ல பளபளப்பாக இருந்த கட்டை எடுத்துப்போனார்.

புடவையைப் பார்த்து ஊரே மெச்சியது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மண்டபத்துக்கு வந்த மாஸ்டர் மட்டும் என் முந்தானையைப் பார்த்து வெளிறிப்போனார்.

"கிளார்க்கம்மா, கொஞ்சம் வேர்க்காம ஒக்காந்துகினு இருங்க. நீங்க கட்டிகினு இருக்கறது பதினேழாம் நம்பரு."

ஆவணிப் புழுக்கம், எதிரே ஹோமப் புகை. நான் எப்படி வேர்க்காமல் இருப்பது? மாஸ்டர் பின்னால் நின்று விசிறினார். தாலி ஏறும்வரை தாங்கியது. கைப்பிடித்து அக்னியைச் சுற்றி முடித்தபோது மாப்பிள்ளையின் கையும் வெள்ளைப் பட்டு வேட்டியும் ஊதா.

"இன்னா பட்டு இது?" என்றார் கண்ணமங்கலத்து மாமியார். சாயம் போகும் புடவை நெய்தவன் என்று பேர் வந்தால் முனுசாமி அண்ணன் பிழைப்பு அதோடு சரி.

மாஸ்டர் மேடையேறிக் கும்பிட்டார். "நெசவாளி மேல தப்பு இல்லீங்க. பொண்ணு வூட்டு மேலயும் இல்ல. நூல்ல சீட்டு கட்டாம போட்டது நாந்தான். அது சாயம் இல்லீங்க, நாவப்பழம். ஒடம்புக்கு நல்லதுன்னு காய்ச்சினது."

மாப்பிள்ளை தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மாமியார் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சக்கரைக்குக் கேக்குமா?"

அத்தனை நாளும் மாஸ்டர் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்றிருந்தால் கண்ணமங்கலமே வரிசையில் நின்றிருக்கும். அவர் பையிலிருந்த கஷாயக் கணக்கு நோட்டை எடுத்து, பதினேழாம் நம்பரைக் கோடு போட்டு அடித்தார்.

"இல்லீங்கம்மா. வேர்வைக்கே நிக்கல. சக்கரைக்கு எங்க கேக்கப்போவுது?"

அடுத்த மாதம், முறையாகச் சாயமேற்றி நெய்த புதுப் புடவையோடு என் வீட்டுக்கு வந்தார். "பழச குடுத்துடுங்கம்மா. ஃபெயிலான சரக்கு வெளிய இருக்கக் கூடாது."

புதுசை வாங்கிக்கொண்டேன். திட்டுத் திட்டாக வெளுத்த அந்தப் பழசை, அவர் கடைசிவரை எத்தனையோ முறை கேட்டும் நான் கொடுக்கவே இல்லை. எங்களுக்காக அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்ற மனிதர் தோய்த்த நூல் அது.